பணம் தராவிட்டால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பவர்களுக்கு

என் அக்காவின் விவாகரத்து வழக்கு முடிந்ததிலிருந்து, சொந்தத்தில் யார் வீட்டில் தகராறு என்றாலும் "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் லாயர் இல்லை. அக்காவோடு லாயர் ஆபீசுக்கு அலைந்தவள். சிங்கப்பூர் ஹேவ்லாக் ஸ்குவேர் குடும்ப நீதிமன்றத்தில் அவள் உள்ளே போனதும் வெளியே நாற்காலியில் காத்திருந்தவள் (குடும்ப வழக்குகளை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள், தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு உள்ளே போக முடியாது). ராத்திரி வீடு அடங்கிய பிறகு சட்டத்தையும் தீர்ப்புகளையும் உட்கார்ந்து படித்தவள். "எழுது, பேரை மட்டும் போடாதே" என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். என் அனுபவத்தை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம், லாயரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறது, சமூக மன்றங்களில் இலவச சட்ட ஆலோசனையும் நடக்கிறது.

என்னைக் கூப்பிடுகிறவர்கள் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். பெண் வீட்டார் என்றால், "மாசக்கணக்கா காசு கொடுக்கல, இவ எதுக்குப் பிள்ளையை அனுப்பணும்?" மாப்பிள்ளை வீட்டார் என்றால், "பிள்ளை முகத்தையே காட்ட மாட்டேங்கிறா, என் தம்பி எதுக்குக் காசு கொடுக்கணும்?" இரண்டு பக்கமும் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, இதுதான் நியாயம் என்று தலையாட்டியிருப்பார்கள். எனக்குக் கோபம் வருவது அந்தப் பெரியவர்கள்மேல்தான். தூக்கமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் ஒரு தாயிடமோ தகப்பனிடமோ போய் இப்படி ஒரு யோசனையைச் சொல்லி அனுப்பிவைப்பது உதவியே இல்லை.

நீதிமன்றம் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இல்லை. பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோரின் கடமை என்று மாதர் சாசனம் (இங்கே கல்யாணம், விவாகரத்து, குடும்ப விஷயங்களுக்கான சட்டம்) சொல்கிறது. பிள்ளை யாரிடம் வளர்ந்தாலும் அந்தக் கடமை போகாது, பெற்றோர் கல்யாணமே செய்துகொள்ளாவிட்டாலும் போகாது. அதே மாதிரி, பிள்ளை அப்பாவையோ அம்மாவையோ பார்க்க நேரம் ஒதுக்கி நீதிபதி உத்தரவு போட்டால், அது அந்தப் பிள்ளைக்காகப் போட்டது. சாப்பாட்டுக் காசும் அப்பாவோடு ஒரு சனிக்கிழமையும் இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை. ஒன்று வரவில்லை என்று மற்றொன்றையும் பிடுங்கினால் இரண்டு தடவை பறிகொடுப்பது அந்தச் சின்னப் பிள்ளைதான்.

சரி, காசு வராவிட்டால் என்ன செய்வது? அமலாக்க மனுப் போட வேண்டும். பாக்கி வைத்தவரின் சம்பளத்திலிருந்து முதலாளியே நேராகப் பிடித்துக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நிலுவையில் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில்கூடப் போடலாம். முன்பெல்லாம் "என்னிடம் இல்லை" என்று ஒருவர் சொன்னால் இருக்கிறது என்று நிரூபிக்கிற பாரம் காசு கேட்டு வந்தவர் தலையில்தான் விழும், அதற்கே பலர் சோர்ந்து போய் விட்டுவிடுவார்கள். 2025 ஜனவரியிலிருந்து பராமரிப்புத் தொகை அமலாக்கத்துக்கென்றே அதிகாரிகள் இருக்கிறார்கள். வங்கிக் கணக்கு, மசேநி (மத்திய சேம நிதி) போன்ற விவரங்களை அவர்களே கேட்டு வாங்கிப் பார்க்க முடியும். கொடுக்க முடியாமல் இருக்கிறாரா, கொடுக்க மனசில்லாமல் இருக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று வாசல் வாசலாக அலைந்தவர்களைக் கேளுங்கள்.

பிள்ளையைக் காட்டாவிட்டாலும் வழி இருக்கிறது. 2022ல் மாதர் சாசனத்தைத் திருத்தியபோது இதற்கும் பலம் சேர்த்தார்கள். தவறிப்போன நாள்களுக்கு ஈடாக வேறு நாள்கள் தரச் சொல்லலாம், வீணாய்ப் போன செலவைத் திருப்பித் தரச் சொல்லலாம், ஆலோசனைக்குப் போகச் சொல்லலாம், மீறினால் பிணைத்தொகை கட்டவைக்கலாம். தகப்பன்மார்களுக்குச் சொல்கிறேன்: பிள்ளையைப் பார்க்க விடவில்லையா, மாதத் தொகையைத் தவறாமல் அனுப்பிக்கொண்டே மனுப் போடுங்கள். நிறுத்திவிட்டுப் போய் நின்றால் உங்கள் பேச்சை எடுப்பதற்கு முன்பே அந்தப் பாக்கிதான் முதலில் பேசும்.

இன்னொரு குழப்பம். "கஸ்டடி யாருக்குக் கிடைச்சுது?" என்று கல்யாண வீட்டில்கூட அக்காவிடம் கேட்டார்கள். ஜெயித்தது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல். இங்கே நீதிமன்றம் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. பள்ளி, மதம், பெரிய மருத்துவச் சிகிச்சை போன்ற முக்கிய முடிவுகளை யார் எடுப்பது என்பதுதான் கஸ்டடி. பிள்ளை யாரோடு தங்கி, அன்றாடம் யார் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது என்பது கேர் அண்ட் கண்ட்ரோல். மற்றவர் எப்போது, எப்படிப் பார்ப்பது என்பது ஆக்சஸ். முதலாவதில் பெரும்பாலும் யாரும் "ஜெயிப்பது" கிடையாது. 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் (பெற்றோர் பெயரை மறைத்து வெறும் எழுத்துகளாகத்தான் தீர்ப்பில் போட்டிருப்பார்கள், பிள்ளையைப் பாதுகாக்க) தெளிவாகச் சொல்லிவிட்டது: கல்யாணம் முறிந்தாலும் பெற்றோர் என்ற பொறுப்பு இருவருக்கும் தொடர்கிறது, ஒருவருக்கு மட்டும் கஸ்டடி கொடுப்பது விதிவிலக்கான சூழ்நிலையில்தான். அடித்தல், துன்புறுத்தல் மாதிரி கடுமையான காரணம் இருந்தால் அது வேறு. மற்றபடி அக்காவுக்கும் அத்தானுக்கும் கூட்டாகத்தான் கஸ்டடி, பையன் அக்காவோடு இருக்கிறான். இதைச் சொன்னால் பெரியம்மா முகம் வாடிவிட்டது, ஏதோ பாதி தோற்றுவிட்டோம் என்கிற மாதிரி. தோற்கவில்லை பெரியம்மா.

நீதிபதி எதை வைத்து முடிவு செய்கிறார் என்றால், பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். 1934ஆம் ஆண்டுக் குழந்தைகள் காப்பாளர் சட்டத்திலும் அதுதான், மாதர் சாசனத்திலும் அதுதான். யார் நல்லவர், யார் கெட்டவர், யார் யாரை ஏமாற்றினார் என்று மார்க் போடும் வேலை அங்கே இல்லை. இதுநாள்வரை பிள்ளையைக் குளிப்பாட்டி, ஹோம்வர்க் பார்த்து, காய்ச்சல் வந்தால் பாலிகிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார். அண்ணன் தங்கையைப் பிரிக்காமல் வைத்திருக்க முடியுமா. இப்போது இருக்கிற பள்ளியும் வீடும் மாறாமல் இருக்குமா. மற்றவரைப் பற்றிப் பிள்ளையிடம் விஷம் ஏற்றாமல் இருக்கிற குணம் யாருக்கு இருக்கிறது, இப்படித்தான் போகும் விசாரணை. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. எதிராளியைப் பற்றி எவ்வளவு கேவலமாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, வாட்ஸ்அப் சண்டைகளை எல்லாம் பிரிண்ட் எடுத்து அஃபிடவிட்டில் அடுக்குகிறார்கள். அதைப் படிக்கிற நீதிபதிக்குத் தெரிவது, இந்த இரண்டு பேரும் பிள்ளை விஷயத்தில் சேர்ந்து ஒரு முடிவு எடுப்பார்களா என்கிற சந்தேகம்தான்.

பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள், சுயமாகச் சொல்லக்கூடிய வயது வந்திருந்தால். அது இத்தனை வயது என்று சட்டத்தில் எண் கிடையாது. சில வழக்குகளில் நீதிபதியே தனியாகப் பேசுவார், சிலவற்றில் பிள்ளைக்கென்று தனி வழக்கறிஞரை நியமிப்பார், சிலவற்றில் சமூக சேவை அதிகாரியிடம் அறிக்கை கேட்பார். அந்த அறிக்கையை நீதிபதி மட்டும்தான் பார்ப்பார், பெற்றோர் கைக்கு வராது. அதனால் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். "அம்மாகிட்ட இருக்கணும்னு சொல்லு, அப்பா அடிச்சாருன்னு சொல்லு" என்று ஒரு பாட்டி பேரனைத் தயார்செய்ததைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளோடு பேசுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு ஒப்பிக்கிற பேச்சு தெரியாதா என்ன. அது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தன் அப்பாவுக்கு எதிராகப் பொய் சொன்னேன் என்கிற பாரத்தை அந்தப் பையன் எத்தனை வருஷம் சுமப்பான்?

பராமரிப்புத் தொகை எப்படி வருகிறது என்று அக்காவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. மாதச் செலவுப் பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டும் என்று லாயர் சொல்லிவிட்டார். பால், டயப்பர் காலம் முடிந்துவிட்டது, அப்புறம் பள்ளிப் பேருந்து, மாணவர் பராமரிப்பு நிலையம், தமிழ் டியூஷன், நீச்சல், இன்சூரன்ஸ், பல் டாக்டர், ஹரி ராயா விடுமுறையில் தேய்ந்துபோன காலணி. பணிப்பெண் சம்பளம், அவளுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதம் 60 வெள்ளி தீர்வை. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கடன், கரண்ட், தண்ணீர், இவற்றில் பையனின் பங்கு எவ்வளவு? அக்கா கால்குலேட்டரைத் தள்ளிவைத்துவிட்டு, "இவனை இப்படிப் பங்கு போட்டு எழுதணுமா" என்று கண்ணைத் துடைத்தாள். எழுதத்தான் வேண்டும். ஒவ்வொரு காசுக்கும் ரசீது தேடிச் சாக வேண்டியதில்லை, நியாயமான செலவா, இந்தக் குடும்பம் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் மனசில் தோன்றும் ஒரு மொத்தத் தொகையைச் சொல்லிவிட்டுப் போனால் அது நிற்காது.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில்தான் தெரிந்தது. அப்பா மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். சட்டப்படி இருவருக்குமே கடமை. ஆளுக்குப் பாதி என்று இல்லை, அவரவர் சம்பாத்தியத்தையும் வசதியையும் பார்த்துப் பிரிப்பார்கள். அக்கா வேலைக்குப் போகிறாள், அதனால் அவள் பங்கும் உண்டு. வழக்கமாக 21 வயது வரை. அதற்குப் பிறகும் முழுநேரப் படிப்பில் இருந்தாலோ, தேசிய சேவையில் இருந்தாலோ, உடல் மனக் குறைபாடு இருந்தாலோ தொடரலாம். வேலை போய்விட்டது, சம்பளம் குறைந்துவிட்டது என்றால் தொகையை மாற்றச் சொல்லி மனுப் போடலாம். சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதற்கும் அதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

உத்தரவு வாங்கியதோடு கதை முடிகிறதா, இல்லை. எழுத்தில் "ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, ஈசூன் எம்ஆர்டி நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்" என்று இருக்கும். தீபாவளி ஒரு வருஷம் இவருக்கு, அடுத்த வருஷம் அவருக்கு. ஜூன் விடுமுறையில் பாதி, வருஷக் கடைசி விடுமுறையில் பாதி. நான் ஒருமுறை பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான் வந்து நின்றார், நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்தோம். பையன் இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தான். திங்கட்கிழமை சொல்வதெழுதுதல் இருக்கிறது, தாள் அம்மா வீட்டில் இருக்கிறது, அப்பா வீட்டில் எப்படிப் படிப்பது? தொடக்கநிலை மூன்று படிக்கிறவனுக்கு அதுதான் உலகம். அத்தான் போனை நீட்டி, "சித்தியை வீட்டுக்குப் போனதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு" என்றார். அனுப்பினேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரியே அக்கா தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுகிறாள், கூட வேறு ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை. பிரிந்தவர்கள் நண்பர்களாகத் திரிய வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. இப்படி ஒரு படத்தை அனுப்புகிற அளவுக்கு இருந்தால் போதும், பிள்ளை பிழைத்துக்கொள்ளும். இதற்காகத்தான், 21 வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால், விவாகரத்து மனுப் போடுவதற்கு முன்பே பிள்ளையைச் சேர்ந்து வளர்ப்பது பற்றிய கட்டாய நிகழ்ச்சி ஒன்றை முடிக்கச் சொல்கிறார்கள், அப்புறம் ஆலோசனை, சமரசம் என்று உட்காரவைக்கிறார்கள். நேரத்தைக் கடத்துகிற சடங்கு என்று அதை நினைக்காதீர்கள். அங்கே பேசி முடித்துக்கொண்டவர்கள் பட்ட பாடு, நீதிபதி முன்னால் மோதி முடித்தவர்கள் பட்ட பாட்டில் கால்வாசிகூட இருக்காது.

தாத்தா பாட்டிகள் கேட்பார்கள், "நாங்க கேஸ் போட்டுப் பேரனைப் பார்க்க முடியாதா?" காப்பாளர் சட்டத்தில் மனுப் போடும் உரிமை பெற்றோருக்கும் சட்டப்படியான காப்பாளருக்கும்தான். அதனால் மகனுக்குக் கிடைக்கிற நேரத்தில்தான் நீங்களும் பார்க்க வேண்டியிருக்கும். மகனைத் தூண்டிவிட்டு அந்த நேரத்தையே சண்டைக்களமாக்கினால் உங்களுக்கும்தான் நஷ்டம்.

இப்போது மிகவும் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இங்கே குடும்பம் நடத்துகிறவர்களுக்குள் பிளவு வந்தால் ஊரிலிருந்து வரும் முதல் யோசனை, "பிள்ளையைத் தூக்கிக்கிட்டு பிளைட் ஏறிடு, மத்ததை இங்க பார்த்துக்கலாம்." தயவுசெய்து செய்யாதீர்கள், சொல்லவும் சொல்லாதீர்கள். கஸ்டடி அல்லது கேர் அண்ட் கண்ட்ரோல் உத்தரவு அமலில் இருக்கும்போது, மற்றவரின் எழுத்துபூர்வமான சம்மதமோ நீதிமன்றத்தின் அனுமதியோ இல்லாமல் பிள்ளையைச் சிங்கப்பூரை விட்டுக் கொண்டுபோவது குற்றம். பிள்ளையைத் தன்னோடு வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்கும் குறைவாகப் போய்வர மட்டும் விலக்கு உண்டு. உத்தரவு வருவதற்கு முன்பாகவே, கொண்டுபோய்விடுவார் என்று பயம் இருந்தால் தடை உத்தரவு கேட்கலாம்.

பிள்ளைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சேர்ந்த நாட்டுக்குப் பிள்ளையைக் கொண்டுபோனால், திருப்பி அனுப்பச் சொல்லி அரசு வழியாகவே கேட்க ஒரு பாதை இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. பக்கத்தில் இருக்கிற மலேசியாவும் சேரவில்லை. அதனால் சென்னைக்கோ திருச்சிக்கோ போய்விட்ட பிள்ளையைத் தேடுகிற பெற்றோர் அங்கே உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, காப்பாளர் மனு என்று புதிதாகத் தொடங்க வேண்டும். சிங்கப்பூர் உத்தரவை அங்குள்ள நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்வார், ஆனால் அது அங்கே தானாகச் செல்லாது. அவரும் பிள்ளையின் நலனைத் தன் கண்ணால் புதிதாகப் பார்ப்பார். அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். பிள்ளை புதுப் பள்ளியில் சேர்ந்து, தகப்பன் முகமோ தாய் முகமோ போன் திரையில் மட்டும் தெரிகிற ஒன்றாகிவிடும்.

நிஜமாகவே ஊருக்குத் திரும்பிப் போக வேண்டிய நிலை இருந்தால் (கணவரின் வேலை அனுமதியை நம்பி சார்ந்தோர் அனுமதியில் இருக்கும் பெண்களுக்கு இது உண்மையான பிரச்சினை, விவாகரத்தோடு தங்கும் உரிமையே ஆட்டம் காணும், குடும்ப நீதிமன்றம் விசா கொடுக்க முடியாது), நேராக நீதிமன்றத்திடம் இடமாற்ற அனுமதி கேளுங்கள். கிடைக்கும் என்று உறுதி கிடையாது. 2015ல் கனடாவுக்குப் பிள்ளைகளோடு போக அனுமதி கேட்ட ஒரு தாயின் முறையீட்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. வளர்க்கிறவரின் விருப்பம் நியாயமானதாக இருந்தாலும் அதுவே போதாது, மற்றவரோடு உள்ள உறவைப் பிள்ளை எவ்வளவு இழக்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்றது. கடினமான தீர்ப்புதான், அந்தத் தாயை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. ஆனாலும் அங்கே எங்கே தங்குவீர்கள், எந்தப் பள்ளி, அப்பாவோடு தொடர்பை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று ஒரு திட்டத்தோடு போய் நிற்பவருக்கும், ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டவருக்கும் நீதிமன்றத்தில் கிடைக்கிற மரியாதை ஒன்றாக இருக்காது.

நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு விவாகரத்து ஷரியா நீதிமன்றத்தில். பிள்ளை விஷயத்தை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம், இருவரும் ஒத்துக்கொண்டாலோ ஷரியா நீதிமன்றம் அனுமதித்தாலோ குடும்ப நீதிமன்றத்துக்கும் கொண்டுவரலாம். பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை வழக்கு மட்டும் எல்லாருக்கும் குடும்ப நீதிமன்றத்தில்தான்.

காப்பாளர் பற்றி ஒன்று, விவாகரத்தே இல்லாதவர்களும் இதைப் படியுங்கள். பெற்றோரில் ஒருவர் இறந்தால் மற்றவர்தான் காப்பாளர். இறந்தவர் உயில் எழுதி வேறு ஒருவரையும் நியமித்திருந்தால் அவரும் சேர்ந்து இருப்பார். இருவரும் போய்விட்டால்? "தம்பி பார்த்துப்பான்" என்று வாயால் சொல்லிவைத்தது எந்த நீதிமன்றத்திலும் செல்லாது, உயிலில் பேர் போட்டு எழுதுங்கள், அந்தத் தம்பியிடமும் அவர் மனைவியிடமும் முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு 21 வயது நெருங்குகிறது என்றால் இன்னும் சீக்கிரம் செயல்பட வேண்டும். அந்த வயதோடு சட்டப்படி நீங்கள் அவனுக்காக முடிவெடுக்கும் அதிகாரம் முடிகிறது, மனநலத் திறன் சட்டத்தின்கீழ் பிரதிநிதியாக நியமிக்கச் சொல்லி மனுப் போட வேண்டும்.

கடைசியாக, ஆங்கிலம் தடுமாறும் என்பதற்காகவே நீதிமன்றத்துக்குப் போகாமல் இருக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு. விசாரணைத் தேதி வந்ததுமே கேட்டுவிடுங்கள், அன்று காலையில் போய் நின்று கேட்காதீர்கள். கையில் உத்தரவு வந்ததும் வரிக்கு வரி தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, புரியாததைப் புரியவில்லை என்று அங்கேயே சொல்லுங்கள்.